ஈசான்ய மூலைத் தண்ணீர்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு மனை பார்க்கப் போயிருந்தோம். தரகர் நல்ல மனிதர்தான். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மூலை மூலையாகக் கூட்டிப்போய்க் காட்டினார்.

"கண்ண மூடிக்கினு வாங்கலாம் மேடம். வடக்குப் பாத்த மனை. ஈசான்யத்துல போரப் போடுங்க, வாயு மூலைல செப்டிக் டேங்க்க வைங்க. வாஸ்து அப்படியே உக்காந்துக்கும்."

"பக்கத்து மனைக்காரர் டேங்க்க எங்க வைப்பாரு?" என்று கேட்டேன்.

"அவருக்கும் அதே வாயு மூலைதாங்க" என்றார் பெருமையாக.

அவ்வளவுதான். நடுரோட்டில் நின்று அந்த மனிதரைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். என் கணவர் என்னை இழுத்துவந்து காருக்குள் உட்காரவைத்தார். குடையும் கையுமாக நின்ற தரகர் இன்றுவரை எனக்கு ஏதோ மறை கழன்றுவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். நினைக்கட்டும். எங்கள் தெருவில் வளர்ந்திருந்தால் அவருக்கும் கழன்றிருக்கும்.

எங்கள் தெரு திண்டிவனத்தில், ஊரைத் தாண்டி, மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையாக இருந்த இடத்தில் கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பெயர் வைத்த இடத்தில் இருந்தது. அப்பா திருவக்கரைப் பக்கத்துக்காரர். திண்டிவனத்தில் உரக்கடை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அங்கே ஒரு மனை வாங்கினார். வாங்கிய கையோடு விழுப்புரத்திலிருந்து ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் திசைகாட்டியும் நூல்கண்டும் வைத்துக்கொண்டு, சமையலறை இங்கே, பூஜை அறை இங்கே, போர் ஈசான்யமாகிய வடகிழக்கில், கக்கூஸ் தொட்டி வாயு மூலையாகிய வடமேற்கில் என்று கோடு போட்டுக் கொடுத்தார். எங்கள் வீட்டு வேலையின் சுத்தத்தைப் பார்த்து மேற்கு வீட்டுக்காரர் அவரையே கூப்பிட்டார். பிறகு கிழக்கு வீட்டு வாத்தியார் கூப்பிட்டார். பிறகு தெருவே கூப்பிட்டது.

வாஸ்துக்காரர் குறை வைக்கவில்லை. ஒவ்வொரு வீட்டையும், உலகத்தில் அந்த ஒரு வீடுதான் இருக்கிறது என்பதுபோலத் தனித்தனியாகப் பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அதில்தான். வரிசையாக ஆறு வீடுகள், எல்லாம் வடக்குப் பார்த்தவை. எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலை எங்கே முடிகிறதோ அங்கேதானே கிழக்கு வீட்டின் வடமேற்கு மூலை ஆரம்பிக்கும்? ஆக, நாங்கள் குடிக்கிற தண்ணீரும் வாத்தியார் வீட்டுக் கக்கூஸ் தொட்டியும் ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முதுகோடு முதுகு ஒட்டி உட்கார்ந்திருந்தன. எங்கள் தொட்டி மேற்கு வீட்டுப் போரை ஒட்டி இருந்தது. அவர்களுடையது அடுத்த வீட்டுப் போரை ஒட்டி. இப்படியே தெருக்கோடிவரை. அடியில் சிமெண்டு பூசினால் தொட்டி சீக்கிரம் நிரம்பிவிடும் என்று ஒருவரும் பூசவும் இல்லை. எல்லாம் மண்ணோடு மண்ணாக இறங்கிக்கொண்டிருந்தது.

நகராட்சிக் குழாய் எங்கள் தெருவுக்கு அப்போது வந்திருக்கவில்லை. மெயின் ரோட்டுக் குழாயில் நாலைந்து நாளைக்கு ஒரு தடவை வரும் தண்ணீருக்குச் சண்டை போட்டுக் குடம் பிடிக்க வேண்டும். அதனால் போர்தான் எங்களுக்குத் தெய்வம். அப்பா தினமும் காலையில் குளித்துவிட்டு போரின் வாயாகத் தரைக்கு மேலே நின்ற கேசிங் பைப்புக்கு மஞ்சள் குங்குமம் வைப்பார். "நம்ம ஈசான்யத்துத் தண்ணி இளநி மாதிரி" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது மேற்கு வீட்டுப் பையனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் விற்கிற ஐஸ்தான் காரணம் என்றார்கள். அடுத்து எனக்கு வந்தது. பானிபூரி வண்டிதான் காரணம் என்றார்கள். நான் அதுவரை பானிபூரி தின்றதே இல்லை என்று அழுதேன். யாரும் நம்பவில்லை. எண்ணெய் கிடையாது, உப்பு கிடையாது, காலையில் வெறும் வயிற்றில் கீழாநெல்லியை மோரில் அரைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊற்றுவார்கள். பிறகு வாத்தியாரின் மனைவிக்கு வந்தது. வெயில் என்றார்கள். அதற்கப்புறம் வந்தவர்களுக்குக் கண்ணேறு என்றார்கள்.

தெருவின் கிழக்குக் கோடியில் இருந்த வீட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. வராது. அவர்களுக்குக் கிழக்கே வீடே இல்லை, ரோடுதான். அவர்களுடைய போரை ஒட்டி யாருடைய தொட்டியும் இல்லை. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். நின்று ஒரு நிமிஷம் பார்த்தால் போதும். ஆனால் எங்கள் தெருவார் பார்த்தது அந்த வீட்டு வாசலில் கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த படிகாரத்தை. மறுநாளே ஆறு வீட்டு வாசலிலும் படிகாரம் தொங்கியது. அப்பா ஒருபடி மேலே போய், போருக்கும் ஒன்று கட்டினார். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் சித்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. வல்லம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அக்கா தங்கை இருவருக்கும் தாய் தகப்பன் இல்லாததால், சித்தியின் தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீடுதான் தாய்வீடு. அம்மா வளைகாப்புக்குப் போய், கை நிறைய வளையலோடு அவளைக் கூட்டிவந்தாள். சித்தப்பாவுக்கும் அதில் ஒரு நிம்மதி. அவர் வீட்டில் பார்த்துக்கொள்ளப் பெண்கள் யாரும் இல்லை. அவசரமென்றால் கொல்லைக்கு நடுவில் இருக்கும் அந்த வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடிப்பதற்குள் விடிந்துவிடும். டவுன் என்றால் எல்லாம் கிட்டத்தில் இருக்கும் என்று அனுப்பினார். ஆமாம், எல்லாமே கிட்டத்தில்தான் இருந்தது.

சித்தி வந்த அதே வாரம் நகராட்சியிலிருந்து ஒரு சுகாதார ஆய்வாளர் வந்தார். தெருவில் இத்தனை பேருக்குக் காமாலை என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவர் எல்லார் வீட்டுத் தண்ணீரையும் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார். சில நாள் கழித்துத் திரும்பி வந்து, எங்கள் காம்பவுண்டு சுவரில் எக்கி இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். இறங்கி வந்து அப்பாவிடம், "யாருங்க உங்களுக்கெல்லாம் இதப் போட்டுக் குடுத்தது?" என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து அப்பா வாஸ்துக்காரரின் பெயரையும் ஊரையும் மகிழ்ச்சியாகச் சொன்னார்.

"கோடி வூட்டத் தவிர அத்தன போர்லயும் கக்கூஸ் தண்ணி எறங்குது சார். ஒண்ணு தொட்டிய மாத்துங்க, இல்லன்னா போர மூடுங்க. மூடற வரைக்கும் குடிக்கறது, சமைக்கறது எதுக்கும் இத எடுக்காதீங்க. வூட்ல மாசமா இருக்கறவங்க வேற இருக்கறாங்க. அவங்களுக்கு இந்தக் காமாலை வந்தா சாதாரணமா நெனைக்காதீங்க. ரெண்டு உசுரு சார்."

அன்று மாலை எங்கள் வாசலில் தெருக்கூட்டம் கூடியது. அப்பா வாத்தியாரிடம் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"சார், நீங்க தொட்டிய மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிக்கினா என் போரு தப்பிச்சிடும்."

"எங்க வைக்கச் சொல்றீங்க? ஈசான்யத்துலயா? நீங்க மொதல்ல உங்க தொட்டிய எடுங்க, மேற்கு வூட்டுக்காரர் பொழைக்கட்டும்."

"நான் எடுத்தா எனக்கு வாயு மூலை காலியாப் பூடும்ல?"

இப்படியே இருட்டும்வரை. ஆளாளுக்கு அடுத்தவர் தொட்டியை எடுக்கச் சொன்னார்கள். தன் தொட்டியை எடுக்கிறேன் என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். எல்லாரும் படித்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள், ஒருவருக்கொருவர் கல்யாணப் பத்திரிகை வைத்துக்கொள்கிறவர்கள். கடைசியில் அப்பாவுக்குக் கோபம் வந்து, எல்லார் முன்னாலும் தொடையைத் தட்டி, "யாரு இன்னா வேணா பண்ணிக்குங்க. என் உசுரு இருக்கற வரைக்கும் என் ஈசான்யத்த நான் மூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டார்.

அதோடு நிறுத்தினாரா? வாஸ்துக்காரரைத் திரும்பவும் கூப்பிட்டார். அவர் வந்து நூல் பிடித்துப் பார்த்து, போரிலும் தொட்டியிலும் எள்ளளவும் குற்றம் இல்லை, வாசல் கேட்டுதான் ஒரு முழம் தள்ளி நிற்கிறது, அந்த வழியாகத்தான் நோய் உள்ளே வருகிறது என்று கண்டுபிடித்தார். கொத்தனார் வந்து நல்ல கேட்டைப் பெயர்த்து ஒரு முழம் தள்ளி வைத்தார். அம்மா கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, காமாலை கேட்டத் தொறந்துக்கினா வருது?" என்றாள்.

"உனுக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள போ" என்றார் அப்பா.

அம்மா அப்போது முடிந்ததைச் செய்தாள். சித்திக்குக் குடிக்கக் கொடுக்கும் தண்ணீரை எல்லாம் கொதிக்கவைத்தாள். ஆனால் மெயின் ரோட்டுத் தண்ணீர் குடிக்கவே காணாது. தட்டு கழுவியது, வாய் கொப்பளித்தது, மோரில் விளாவியது எல்லாம் அதே போர்த் தண்ணீர்தான். சித்திக்கு ஒருநாள் சோறு பிடிக்கவில்லை. மறுநாள் வாந்தி எடுத்தாள். மாசமாக இருப்பவள் வாந்தி எடுப்பது சகஜம்தான் என்று இரண்டு நாள் விட்டார்கள். மூன்றாம் நாள் அவள் முற்றத்து வெளிச்சத்தில் தலை பின்ன உட்கார்ந்தபோது, அம்மா அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைப் பார்த்தாள். சீப்பைக் கீழே போட்டுவிட்டாள்.

புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னை மேற்கு வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டிலும் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தேன். வேறு என்ன செய்ய? சித்திக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறது என்றும், தாய், பிள்ளை இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றும் பெரியவர்கள் என் காதில் விழாதபடி பேசிக்கொண்டார்கள். எல்லாம் விழுந்தது. எனக்குப் புரிந்ததெல்லாம் சித்தி செத்துவிடுவாளோ என்பதுதான். படிகாரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன். அந்த வீட்டுப் பிள்ளை வேறு எதைக் கும்பிடும்?

சித்தி சாகவில்லை. குழந்தை எட்டாம் மாதமே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு கை அகலத்தில் கிடந்தது. பெண் குழந்தை. சித்தி தேறுவதற்கு வெகுநாள் ஆனது. ஒருநாள் டாக்டர் இருவரையும் வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னார். அம்மா சந்தோஷத்தில் என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பச்சை உடம்புக்காரியையும் குழந்தையையும் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும் அல்லவா? சித்தப்பா நடைபாதையில் நின்றிருந்தார். அதிர்ந்து பேசாத மனிதர்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க. அந்த வூட்டுத் தண்ணில என் புள்ளைக்குக் காலு கழுவக்கூட நான் வுட மாட்டேன். வல்லத்துக்கே இட்டுக்கினு போறேன்."

"அங்க யாரு தம்பி இருக்கறாங்க? அவளால எழுந்து ஒக்கார முடியல. யாரு புள்ளையப் பாப்பாங்க?"

"இன்னா பண்றது? நானே பாத்துக்கறேன்."

அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. தங்கையைத் தாய்வீட்டில் வைத்துப் பார்க்க வக்கில்லை என்பதைவிட ஒரு பெண்ணை வேறு எதைச் சொல்லி அடிப்பது? அதையும் அந்த மனிதர் கோபமில்லாமல் சொன்னார். அதுதான் இன்னும் மோசம். "ரெண்டு நாளு குடுங்க தம்பி" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போரை மூடச் சொன்னாள். லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம், கேன் போட்டுக்கொள்ளலாம், நகராட்சிக் குழாய்க்கு எழுதிக் கொடுக்கலாம் என்று எல்லா வழியும் சொன்னாள்.

"கொதிக்க வச்சிக் குடுக்கலாம்ல?" என்றார் அப்பா.

"கொதிக்க வச்சித்தான அவ அங்க படுத்துக்கினு இருக்கறா?"

"ஈசான்யத்த மூடுனா வம்சத்துக்கு ஆவாதுன்றாரு அவரு."

"வம்சம் அங்க கண்ணாடிப் பொட்டிலதான் இருந்திச்சி. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

அப்பா மறுநாள் விடியற்காலையிலேயே புதுச்சேரிக்கு பஸ் ஏறிப் போனார். குழந்தையைப் பார்த்துவிட்டு மத்தியானத்துக்குள் திரும்பி வந்தார். சாப்பிடவில்லை. வாத்தியார் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "குழந்த எப்படிங்க இருக்குது?" என்று கேட்டதற்கு, "நல்லா இருக்குது" என்றார். அப்புறம் சட்டையை மாட்டிக்கொண்டு, வாத்தியார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீம்புக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் கடைக்குக் கிளம்பிப் போனார். பாருங்கள், பிடிவாதத்தை! அந்த ஒரு நாளாவது அந்த மோட்டாரைப் போடாமல் இருந்திருக்கலாம்.

அப்பா தெருமுனை திரும்பியதும் அம்மா வெளியே வந்தாள். கேட்டு வேலையில் மீந்த ஜல்லியும் மணலும் சுவரோரம் கிடந்தன. இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு போய்ப் போரின் பக்கத்தில் வைத்தாள். கேசிங் பைப்பின் மூடியை நெம்பித் தள்ளினாள். கைப்பிடி கைப்பிடியாக ஜல்லியை உள்ளே போட ஆரம்பித்தாள். அது பைப்பில் இடித்து இடித்துக் கீழே போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது. நான் படியில் நின்றிருந்தேன்.

"இன்னாம்மா பண்ற?"

"எறும்புடி. உள்ள புத்து வச்சிருக்குது. அடைக்கறேன்."

"அவ்ளோ ஆழத்துலயா?"

"ஆமாம். நீ உள்ள போய் வீட்டுப்பாடம் எழுது."

அது மே மாதம், வீட்டுப்பாடமே கிடையாது. ஆனாலும் உள்ளே போய்விட்டேன். அவள் இன்னும் மூன்று நான்கு சட்டி போட்டிருப்பாள். அப்புறம் மூடியைப் பழையபடி வைத்து, கையைக் கழுவிவிட்டு, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு பால் காய்ச்சினாள். எறும்புத் தொல்லை ஒழிந்தது என்று நானும் நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் காலை அப்பா சுவிட்சைத் தட்டினார். மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. ஃப்யூஸ் மாற்றினார். திரும்பவும் உறுமிவிட்டு நின்றது. போர்க்காரருக்குப் போன் போட்டார். அவர் வந்து கம்பியை இழுத்துப் பார்த்தார், அசையவில்லை.

"மோட்ரு மாட்டிக்கினு இருக்குது சார். கெட்டியா இன்னாமோ புடிச்சிக்கினு இருக்குது. ஆள் வச்சி இழுத்துப் பாக்கலாமா?"

"வாணாம்பா. மண்ணு சரிஞ்சி பூட்டிருக்கும். வுட்டுடு."

"ஜல்தியா முடிச்சிடலாம் சார், பாதி நாளு வேலதான்."

"வாணாம்னு சொல்றேன்ல?"

அன்று மத்தியானமே அப்பா தெருவில் நின்று, பூமாதேவியே தன் வாயை மூடிக்கொண்டாள், இதற்கு மேல் நாம் என்ன செய்ய முடியும் என்று வாத்தியாரிடமும் மேற்கு வீட்டாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பூமாதேவியை எதிர்த்து யார் பேசுவார்கள்? சாயங்காலமே தண்ணி லாரி வந்தது. சித்தியும் குழந்தையும் அந்த வாரமே எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பல மாதம் இருந்து, குழந்தை குப்புற விழுந்த பிறகுதான் வல்லத்துக்குப் போனார்கள். அப்பா இப்போதும் உறவுக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் பூமாதேவி கதையைச் சொல்வார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்துக்கொண்டு, ஆமாம் ஆமாம் என்பாள். இரண்டு பேரையும் உலுக்கி, வாயைத் திறந்து பேசியே தொலைக்கக் கூடாதா என்று கத்தலாம்போல எனக்கு இருக்கும்.

ஆனால் ஒன்று. அன்று காலை போர்க்காரர் வருவதற்கு முன்னால் அப்பா தனியாகப் போருக்குப் பக்கத்தில் போனார். மூடியைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். சமையலறை ஜன்னலைத் திரும்பி ஒருமுறை பார்த்தார். பிறகு மூடியை வைத்துவிட்டு, குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, பைப்பைச் சுற்றிச் சிந்திக் கிடந்த ஜல்லியை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது கடைக்குப் போட்டுப்போகிற வெள்ளைச் சட்டை. கல்லின் கனத்தில் பை தொங்கிப்போய்விட்டது. நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பை கிழியப் போகிறது, அம்மா இவரை நன்றாகத் திட்டப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.